பலகைக்குள்ள ஒரு சில்வண்டு

ஒரு காட்டுல ஒரு பள்ளிக்கூடம் இருந்துச்சு, பிள்ளைங்களா. கூரை கிடையாது, அதனால ஒழுகவும் இல்ல.

யானை வாத்தியார் ஒருநாள் ஆளுக்கொரு மரப்பலகை கொடுத்தார்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் எழுதிப் பழகுங்க. உள்ள ஒரு சில்வண்டு இருக்கும். வீட்டுல பயம், ஆபத்துன்னு பேச்சு வந்தா, அதக் கேட்டு வச்சிருந்து காலையில வந்து சொல்லும். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

"யார்கிட்ட சொல்லும், ஐயா?"ன்னு கேட்டுச்சு தவிட்டி. அது ஒரு வெள்ளெலிக் குட்டி.

"காட்டுப்பூனைகிட்ட. அவரைத்தான் பாதுகாப்பு வேலைக்கு வச்சிருக்கேன். ஆபத்தப் பத்தி அவரவிட யாருக்குத் தெரியும்?"

அதுவும் சரிதான்னு எல்லாரும் தலையாட்டுனாங்க. பூனை மீசையத் தடவிக்கிச்சு.

வெள்ளெலி வளைக்கு ரெண்டு வாசல். முன்வாசல் ஊருக்கே தெரியும். பின்வாசல மெல்லிசா மண்ணு போட்டு மூடி வச்சிருக்கும். எதிரி முன்னால வந்தா, அத முட்டித் தள்ளிட்டு ஓடிரும். அந்த இடம் வெளிய தெரிஞ்சா அது வாசல் இல்ல, பொறி.

தவிட்டியோட அம்மா தினமும் சாப்பாட்டுக்கு முன்னால கேக்கும்.

"பூனை வந்தா எங்கடி ஓடுவ?"

"ஆவாரஞ்செடி அடியில."

"அப்ப சாப்பிடு."

ஒரு வாரம் கழிச்சு பூனை தவிட்டியக் கூப்பிட்டுச்சு.

"என்ன பாப்பா, வீட்டுல ஒரே 'ஓடு, ஓடு'ன்னு பேச்சாமே? எனக்குக் கவலையா இருக்கு. அது கிடக்கட்டும், உங்க ஆவாரஞ்செடி பூத்திருச்சா?"

தவிட்டிக்கு வால் நுனி வரைக்கும் சில்லுன்னு ஆயிருச்சு. சாயங்காலம் பலகைய வழியில ஒரு கல்லு மேல வச்சுட்டு, ஓடிப்போய் அம்மா காதுல சொல்லிச்சு.

அம்மா, "போ, அந்தப் பலகைய எடுத்துட்டு வா"ன்னுச்சு.

பலகை உள்ள வந்ததும் அம்மா சத்தமாப் பேசிச்சு. "பூனைய நினைச்சா பயமா இருக்குடி. ஆவாரஞ்செடி வாசல அடைச்சுட்டேன். நாளையில இருந்து நம்ம சின்னக் குட்டிங்க எல்லாம் கள்ளிப்புதருக்குக் கீழ இருக்கற வளையிலதான் பகல்ல தூங்கும்."

மறுநாள் காலையில சில்வண்டு சொன்னதக் கேட்டதும் பூனைக்கு ஏதோ அவசர வேலை வந்திருச்சு. கணக்குப் பாடம் முடியறதுக்குள்ள திரும்பி வந்துச்சு, மூக்குல ஏழு முள்ளோட. கள்ளிப்புதருக்குக் கீழ குடியிருக்கறது முள்ளம்பன்றி. பகல்ல எழுப்பினா அதுக்குப் பிடிக்காது.

"என்னய்யா மூக்குல?"ன்னார் வாத்தியார்.

"பாதுகாப்பு வேலையாப் போனேங்க."

தவிட்டி எந்திரிச்சு நின்னுச்சு. "ஐயா, கள்ளிப்புதருக்குக் கீழ எங்க குட்டிங்க தூங்குதுன்னு எங்கம்மா ஒரு பொய் சொன்னாங்க. பலகைக்குக் கேக்கற மாதிரி மட்டும்தான் சொன்னாங்க."

வாத்தியாரோட காது ஆடறது நின்னுபோச்சு.

பின்வரிசையில காடைக்குஞ்சு மெதுவா இறக்கையத் தூக்கிச்சு. "ஐயா... பலகை கொடுத்த மறுநாள் எங்க கூட்டுல ரெண்டு முட்டை காணாமப் போச்சு."

பூனை வாயத் திறக்கறதுக்கு முன்னால, வாத்தியார் அதத் துதிக்கையால தூக்கி ஆத்துக்கு அந்தப் பக்கம் வீசிட்டார். அப்புறம் உக்காந்து, ஒவ்வொரு பலகையாத் திறந்து சில்வண்டுங்கள வெளிய விட்டார். பொழுது சாயற வரைக்கும் அந்த வேலை இருந்துச்சு.

முட்டை ரெண்டும் திரும்பி வரல.

நீதி: பிள்ளையக் காக்கன்னு வீட்டுக்குள்ள காது வைக்கறவங்க, அது யார் வாய்க்குச் சேதி கொண்டு போகுதுன்னு முதல்ல பாக்கணும்.