உப்பு குருவிடம் இருந்தது

மலையடிவாரத்து மடத்தில் சீடராக இருந்த செங்கண்ணனைத் தேடி, கூவல்பாடியிலிருந்து அவருடைய தம்பி வந்தான். மடியில் அரசரின் ஓலை இருந்தது.

"நம்ம ஊருக்குத் தன்னாட்சி தர்றாராம், அண்ணா. வழக்கு, வரி, சந்தை எல்லாம் இனி ஊர்ச்சபை கையில. அணை மதகு மட்டும் அவர்கிட்ட. பாதிப் பேர் வாங்கிக்கலாம்ங்கிறாங்க. பாதிப் பேர் ஓலையை எரிக்கச் சொல்றாங்க. வெட்டுக்குத்து வரும் போலிருக்கு. நீங்க சொன்னா கேட்பாங்க."

செங்கண்ணன் குருவிடம் போனார்.

"தண்ணீர் இல்லாத ஆட்சி, ஐயா. அதற்குத் தன்னாட்சி என்று பெயர். அந்தச் சொல்லுக்கு என்னதான் பொருள்?"

"இன்று முதல் சமையற்கட்டு உன் ஆட்சி" என்றார் குரு. "நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

பிறகு உப்பு ஜாடியை எடுத்துக்கொண்டு தம் அறைக்குப் போய்விட்டார். செங்கண்ணன் பின்னாலேயே போய்க் கேட்டார். கிடைக்கவில்லை.

"உப்பில்லாமல் என்ன சமையல்?" என்று அரிசியை உலையில் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். சோறு அடிப்பிடித்தது. பருப்பு வேகவில்லை.

சமைத்தவரே பரிமாற வேண்டும் என்பது அந்த மடத்து வழக்கம். பந்தியில் இருந்த ஒரு வழிப்போக்கர் இலையைப் பார்த்தார்.

"ஏன் சாமி, சோறாக்கச் சொன்னாங்களா, கரியாக்கச் சொன்னாங்களா?"

"உப்பு குருவிடம் இருக்கிறது."

"உப்பு இல்லேன்னா அடிப்பிடிக்குமா?"

பந்தி சிரித்தது. குரு இலையில் இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் செங்கண்ணன் மீண்டும் உப்புக் கேட்டார். குரு மறுத்தார். செங்கண்ணன் திரும்பி வந்து அடுப்பைப் பற்றவைத்தார். சோற்றை இறக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை.

பந்தியில் அதே வழிப்போக்கர் ஒரு வாய் வைத்தார்.

"சோறு பூவா இருக்கு. கீரை மணக்குது. இப்படிச் சமைக்கிறவருக்கு உப்புப் போடத் தெரியாமலா போகும்? உப்பு எங்கே?"

வழிப்போக்கர் சுற்றிலும் பார்த்தார். குரு பந்திக்கு எடுத்து வந்திருந்த உப்பு ஜாடி அவர் அருகில் இருந்தது.

"சாமி, அதை ஏன் நீங்க வச்சிருக்கீங்க?"

பந்தி முழுவதும் குருவைத் திரும்பிப் பார்த்தது.

குரு செங்கண்ணனிடம் கேட்டார்: "நேற்று இவர்கள் யாரைக் கேட்டார்கள்?"

"என்னை, ஐயா."

"இன்று?"

செங்கண்ணன் தம்பியைப் பார்த்தார். பந்தியின் கடைசியில் இருந்த தம்பி, மடியில் ஓலை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டான்.