சோணையின் மழையும் வெள்ளைச்சாமியின் வெயிலும்

பங்குனி பன்னிரண்டாம் நாள், காலை ஏழு மணி பத்து நிமிடம். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை, காற்று அசையவில்லை, அந்த நேரத்துக்கே ஓணாங்குளத்துச் செம்மண் காலைச் சுட்டது. அளவு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இருளப்பன் தன் மலைவேம்புத் தோட்டத்து வாசலில் நின்றான். மரத்தை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையிலிருந்து ஆய்வாளர் அன்பரசி அம்மையார் அன்று வருவதாக இருந்தது.

அவன் கலங்கியதற்குக் காரணம் உண்டு. கடலை விளைந்த மூன்று ஏக்கரிலும் சீக்கிரம் வளரும் இந்த மரத்தை நட்டிருந்தான். ஊரின் வெயிலுக்கும் மழைக்கும் மரம் எப்படி வளர்கிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். எழுதியது சரியாக இருந்தால்தான் ஆலை மரத்தை எடுக்கும். இல்லையென்றால் மூன்று ஏக்கரையும் அவன் வீட்டு அடுப்புதான் எரித்துத் தீர்க்க வேண்டும்.

அம்மையார் ஐப்பசியிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார்: தினமும் காலை ஏழு மணிக்கு, வாசலில் நிற்கும் முதல் மரத்தின் சுற்றளவை, நெஞ்சு உயரத்தில் நாடா பிடித்து அளக்க வேண்டும், மழை நாளையும் வெயில் நாளையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓணாங்குளத்தார் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அன்று மாலையே உட்கார்ந்து பிரித்துக்கொண்டார்கள். ஊரில் குடை வைத்திருந்தவன் சோணை ஒருவன்தான். ஆகவே மழை அவனுக்கு. ஊரிலேயே பெரிய முண்டாசு கட்டும் வெள்ளைச்சாமிக்கு வெயில். எழுதப் படிக்கத் தெரிந்த இருளப்பனுக்கு நோட்டு.

சோணையின் உச்சந்தலை வெள்ளைச்சாமியின் நெஞ்சைத்தான் தொடும். இதை எவரும் பொருட்படுத்தவில்லை. அளக்க வேண்டியது மரத்தை அல்லவா? அவரவர் நெஞ்சுக்கு நேராக, நேர்மையாக அளந்தார்கள்.

பிறகுதான் கவலை தொடங்கியது. மழை பெய்த நாளெல்லாம் மரம் மூன்று சென்டிமீட்டர் பருத்தது. வெயில் வந்ததும் அதே மூன்று சென்டிமீட்டர் மெலிந்தது. மாசியில் மழை அடியோடு நின்றதும் மூவரும் மரத்தடியில் கூடினார்கள்.

"இப்படியே வெயில் அடிச்சா, சித்திரைக்குள்ள மரம் மறுபடி விதையாப் போயிரும்டா" என்றான் இருளப்பன்.

"என்னையக் குத்தம் சொல்லாத மச்சான். என் பங்கு வெயில நான் ஒழுங்காத்தான் பாத்துக்கிறேன்" என்றான் வெள்ளைச்சாமி.

சோணை நெடுநேரம் யோசித்தான். "மழை பெஞ்சிருச்சுன்னு மரத்த நம்ப வச்சா என்ன?"

யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது. வெள்ளைச்சாமியின் தோளில் சோணை ஏறி நின்று, ஒரு குடம் தண்ணீரை மரத்தின் மேல் மெல்லத் தூவினான். மழை அவன் பொறுப்பு என்பதால் குடை பிடித்திருந்தான். அளப்பதும் அவன் பொறுப்பு என்பதால், தோளில் நின்றபடியே தன் நெஞ்சுக்கு நேராக அளந்தான். முப்பது சென்டிமீட்டர்.

"ஏமாத்துனது மரத்துக்குத் தெரிஞ்சுபோச்சு. கோவத்துல இன்னும் சுருங்கிருச்சு" என்று வெள்ளைச்சாமி கீழிருந்து முனகினான். இருளப்பன் நோட்டில் 'பொய் மழை: முப்பது' என்று எழுதினான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது வந்து சேர்ந்த அம்மையார் அந்த நோட்டை முழுவதும் படித்தார்; கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். சோணையையும் வெள்ளைச்சாமியையும் வரவழைத்து, ஒருவர் பின் ஒருவராக அளந்து காட்டச் சொன்னார். வெள்ளைச்சாமி அளந்தான்: முப்பத்தெட்டு. சோணை, வானம் வெளுத்திருந்தாலும் மரியாதைக்குக் குடையை விரித்துக்கொண்டு அளந்தான்: நாற்பத்தொன்று. அம்மையார் நோட்டை மூடினார்.

"மரத்து மேல தப்பு இல்லப்பா" என்றார் பொறுமையாக. "ஒருத்தர் உயரம், ஒருத்தர் குட்டை. ரெண்டு பேரும் ஒரே உயரத்துல நின்னு அளக்கணும். அவ்வளவுதான். நாளையிலேருந்து சரி பண்ணிக்கிட்டா, உங்க மரத்த ஆலை எடுக்கும்."

சரி பண்ணிக்கொள்வதாக இருவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். குறை தன்னுடையதுதான் என்று இருவருமே நினைத்தார்கள். அதனால் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெயிலும் தூறலும் சேர்ந்தே வந்தன. ஆகவே இருவருக்கும் வேலை இருந்தது. வெள்ளைச்சாமி மரத்தடியில் முழங்கால் ஆழம் குழி வெட்டி, அதில் இறங்கி நின்று வெயிலுக்கு அளந்தான்: நாற்பத்தொன்று. சோணை வீட்டிலிருந்து முக்காலியைத் தூக்கி வந்து, குடையோடு அதன் மேல் ஏறி நின்று மழைக்கு அளந்தான்: முப்பத்தெட்டு. குழியிலிருந்து அண்ணாந்து பார்த்த வெள்ளைச்சாமி, "இப்பத்தாண்டா ரெண்டு பேரும் சரியான உயரம்" என்றான். அன்பரசி அம்மையார் தம் அலுவலகத்தில், ஓணாங்குளத்துக் குறை நீங்கியது என்று ஆலை மேலாளருக்குக் கடிதம் எழுதினார். இருளப்பன் இரண்டு அளவுகளையும் மூன்று முறை சரிபார்த்தான். பல நாட்களுக்குப் பிறகு வயிறு நிறையப் பழைய சோறு சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து, நோட்டில் சிவப்பு மையால் எழுதினான்: 'இன்று காலை ஏழு மணி முதல் எங்கள் ஊரில் பருவநிலை மாறிவிட்டது.'