வெறும் பாட்டில்

“எனக்கு மட்டும் ஏன் மேடம் எப்பவும் வெறும் பாட்டில்?”

கேட்டவர் வேதமாணிக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். நாற்பதைத் தாண்டிய பிறகு டாக்டர் பட்டத்துக்கு ஆசைப்பட்டு, விடுப்பு எடுத்துக்கொண்டு, இந்தக் கழிமுகத்து ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர். இங்கே குருவை விடச் சீடருக்கு வயது கூடுதல்.

குரு சுகந்தி மேடம். மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“வெறும் பாட்டில்னு யாரு சொன்னா?”

“ரிஸ்வானாவுக்குப் பூச்சி உள்ள பாட்டில். எனக்கு வெறும் தண்ணி. நான் பதினெட்டு வருஷம் பாடம் நடத்தினவனாக்கும்.”

“தண்ணியில பாசி இருக்கே சார்.”

“பாசி இருக்கு. அதைத் திங்க ஆள் இல்லியே.”

மேடம் சிரித்தார்.

அங்கே நடந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

கடல் தண்ணீரில் பொடிப்பொடியாகப் பாசி மிதக்கிறது. காற்றிலிருந்து வரும் கரியை, அதாவது கார்பனை, இழுத்து அது தன் உடம்பாக்கிக்கொள்கிறது. அந்தப் பாசியை மேய்கிற பூச்சிக்குக் கோப்பிபாட் என்று பெயர். அரிசிக் குருணையை விடச் சின்னது, நீளமாக இரண்டு மீசை. அது எவ்வளவு மேய்கிறது என்று தெரிந்தால்தான் கடல் எவ்வளவு கரியை விழுங்குகிறது என்று சொல்ல முடியும்.

ஆகவே கடல் தண்ணீரை மொண்டு வந்து சல்லடையில் சலிப்பார்கள். பூச்சியெல்லாம் சல்லடையில் நின்றுவிடும். சலித்த தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்புவார்கள். பாதிப் பாட்டில்களில் பூச்சியை எண்ணி விடுவார்கள். மீதிப் பாட்டில்களில் விடமாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு சக்கரத்தில் மாட்டி, ஒரு நாள் முழுக்க மெதுவாகச் சுற்றவிட்டு, மறுநாள் வடிகட்டிப் பாசியின் பச்சையை அளப்பார்கள்.

பூச்சி இல்லாத பாட்டிலில் பச்சை கூடுதலாக இருக்கும். பூச்சி உள்ளதில் குறைவாக இருக்கும். குறைந்தது பூச்சியின் வயிற்றில்.

பூச்சி பாட்டில் ரிஸ்வானாவுடையது. கீழக்கரைப் பெண். வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வாய் ஓயாமல் பேசுவாள், கை அதைவிட வேகம்.

வெறும் பாட்டில் வேதமாணிக்கத்துடையது. நாலு நாள் இல்லை, நாற்பது நாள் இல்லை, வந்த காலத்திலிருந்தே அதுதான்.

அவருக்கு வயிறு எரிந்தது. எதற்கெல்லாம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மேடம் அவளை “வாம்மா” என்கிறார், தன்னை “வாங்க சார்” என்கிறார், அதற்கு எரிந்தது. அவள் ஊரிலிருந்து கொண்டுவந்த தொதல் இனிப்பை மேடம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றதற்கு எரிந்தது. தொதலில் இவருக்கும் பங்கு வந்தது. அதுவும் எரிந்தது.

இதெல்லாம் சில்லறை எரிச்சல். பெரிய எரிச்சல் கப்பல்.

ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழ்கடலுக்குப் புறப்பட இருந்தது. இந்த ஆய்வுக்கூடத்துக்கு அதில் ஒரே ஓர் இடம். போகிறவர் ஆழ்கடல் தண்ணீரில் மேய்ச்சலை அளந்து வரலாம். அது இல்லாமல் வேதமாணிக்கத்தின் ஆய்வேடு முடியாது. இந்த வருடத்தோடு விடுப்பு முடிகிறது. பட்டம் இல்லாமல் திரும்பினால், தன்னிடம் படித்த பையன் துறைத் தலைவராக உட்கார்ந்திருக்கும் அறைக்குள் கும்பிட்டுக்கொண்டு நுழைய வேண்டும்.

யாரை அனுப்புவது என்று மேடம் இன்னும் வாய் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பச்சை வந்தது.

ரிஸ்வானாவே அளந்தாள். அளந்து முடித்துக் கூவினாள்.

“மேடம், இங்க வாங்களேன்! என் பாட்டில்ல பச்சை கூடியிருக்கு. சாரோட பாட்டில்ல கொறஞ்சிருக்கு. தலைகீழா வந்திருக்கு!”

மேய்கிற ஆள் இருக்கும் வயலில் புல் செழித்திருந்தது. ஆள் இல்லாத வயல் மொட்டையாகியிருந்தது.

“பூச்சி பாசியைத் தின்னுச்சா, இல்ல கக்கிச்சான்னு தெரியலயே” என்று அவள் சிரித்தாள். பிறகு வேதமாணிக்கம் பக்கம் திரும்பினாள். “சார், நேத்து சக்கரத்துல உங்க பாட்டில் ஒண்ணு ஆடிக்கிட்டு இருந்துச்சு. நான்தான் இறுக்கி வெச்சேன். சொல்ல மறந்துட்டேன்.”

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தது.

மத்தியானம் அவள் சாப்பிடப் போனதும் வேதமாணிக்கம் மேடத்தின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

“மேடம், நான் யாரையும் குறை சொல்லுதவன் இல்ல.”

“சொல்லுங்க.”

“அவ என் பாட்டில்ல கை வெச்சிருக்கா. அவளே ஒத்துக்கிட்டா. நீங்களும் கேட்டீங்க.”

“கேட்டேன்.”

“அவ பாட்டில்ல பாசியைக் கூட ஊத்தியிருக்கணும். இல்லன்னா செத்த பூச்சியை விட்டிருக்கணும். புதுசா எதையோ கண்டுபிடிச்சேன்னு காட்டிக்கிட்டுக் கப்பல் ஏறத்தான் இந்த வேலை. இப்படிப்பட்ட ஆளை இங்க வெச்சிருக்கலாமா?”

மேடம் பேனா மூடியைத் திருகினார்.

“உங்க பாட்டில்ல தப்பு நடந்திருக்க வாய்ப்பு இல்லையா?”

“என் பாட்டில்ல எதுவுமே இல்லியே மேடம். இல்லாததுல எப்படித் தப்பு வரும்?”

“சரி. நாளைக்கு மறுபடியும் செய்வோம். பூச்சி பாட்டில் நீங்க எடுத்துக்குங்க. வெறும் பாட்டிலை அவ செய்யட்டும்.”

வேதமாணிக்கத்துக்கு அன்று மத்தியானச் சோறு இனித்தது.

மறுநாள் அவரே தண்ணீர் சலித்தார். அவரே மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து நல்ல துடிப்பான பூச்சிகளாகப் பொறுக்கி எடுத்துப் பாட்டிலில் விட்டார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். ரிஸ்வானா வெறும் பாட்டில்களை நிரப்பினாள். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

“சார், உங்க பூச்சியெல்லாம் சூப்பரா நீந்துது” என்றாள்.

சக்கரம் சுற்றியது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவர் காவல் இருந்தார்.

அடுத்த நாள் வடிகட்டி அளந்தார்கள்.

பூச்சி பாட்டிலில் பச்சை கூடுதல். வெறும் பாட்டிலில் குறைவு.

மறுபடியும் தலைகீழ்.

வேதமாணிக்கம் வேகமாக மேடத்தின் அறைக்குப் போனார்.

“மேடம், அவ வெறும் பாட்டில் சரியில்ல. ஒழுங்கா கழுவியிருக்க மாட்டா.”

மேடம் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“முந்தாநாள் பூச்சி பாட்டில்ல தப்பு. இன்னிக்கு வெறும் பாட்டில்ல தப்பு.”

“ஆமா மேடம்.”

“ரெண்டு தடவையும் தப்பான பாட்டில் அவளோடதாவே இருக்கே, எப்படி சார்?”

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்தவர்தான் வேதமாணிக்கம். இப்போது சிரிப்பு வரவில்லை.

“முந்தாநாள் அளந்த உங்க வெறும் பாட்டில்ல மிச்சத் தண்ணி இருக்கா?”

“இருக்கு.”

“கொண்டுவாங்க.”

கொண்டுவந்தார். மேடம் அதில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்தார்.

“பாருங்க.”

“இதுல என்ன இருக்கு மேடம்? வெறும் தண்ணி.”

“பாருங்க.”

குனிந்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திருகைத் திருப்பினார்.

பம்பரம் மாதிரி ஒன்று சுற்றிக்கொண்டு வந்தது. உருண்டையாக, வாயைச் சுற்றி மயிர் மயிராக. அதன் வயிறு பச்சை. பின்னால் இன்னொன்று. அப்புறம் அந்தச் சொட்டு முழுக்க அதுவே. ஓயாமல் சுற்றின, ஓயாமல் தின்றன.

“யாரு மேடம் இவங்க?”

“சல்லடையில சிக்காதவங்க. பூச்சியை விட ரொம்பப் பொடிசு. சல்லடைக் கண்ணுல நுழைஞ்சு தண்ணியோட வந்துடும்.”

“பாசியைத் திங்குதா?”

“அதுதான் தொழில். நீங்க ஆள் இல்லன்னு நெனச்ச பாட்டில்ல பந்தி நடந்திருக்கு.”

“அப்ப பூச்சி பாட்டில்ல?”

“பூச்சி இவங்களைத் தின்னுடுச்சு. பாசி பொழச்சுது.”

அவர் கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

ரிஸ்வானா எதையும் ஊற்றவில்லை. எதையும் சாகடிக்கவில்லை. ஆடிய பாட்டிலை இறுக்கினாள், அவ்வளவுதான். அதற்குத்தான் அவளை வெளியே தள்ளச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கம்.

“பெரிய பூச்சி தின்னாலும் தின்னதுதான், இது தின்னாலும் தின்னதுதானே மேடம்? கரிக்கணக்குல என்ன வித்தியாசம்?” பேச்சை மாற்றத்தான் கேட்டார்.

“பெரிய பூச்சி புழுக்கை போடும், ஆடு போடுற மாதிரி. கெட்டியா இருக்கும். கனத்துல மூழ்கும். அதுல கொஞ்சம் ஆழம் வரைக்கும் போய்ச் சேரும். அந்தக் கரி வெகு காலம் மேல வராது.”

“இது?”

“இதுக்கு அந்தக் கனம் கெடையாது. மேலேயே தின்னு, மேலேயே மூச்சு விட்டு, வந்த கரியைக் காத்துக்கே திருப்பிக் குடுத்துடும். ஓயாம வேலை நடக்கும். அடியில போய்ச் சேர்றது சொற்பம்.”

வேதமாணிக்கம் அந்தப் பச்சை வயிறுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் பொடிக் கண்ணு சல்லடை போட்டு இதை எடுத்துட முடியாதா மேடம்?”

“போடலாம். பாசியும் சேந்து போயிடும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.”

“அப்ப என்னதான் செய்யுதது?”

“இருக்குன்னு தெரிஞ்சு கணக்குல சேத்துக்கணும். இல்லவே இல்லன்னு எழுதுறவங்க கணக்குதான் தலைகீழா போகும்.”

அவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“மேடம், நான் ரிஸ்வானா பத்திச் சொன்னது…”

“நான் அவகிட்ட சொல்லலை.”

“ரொம்ப நன்றி மேடம். நான் பாவி.”

“அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம் சார்.”

பாரம் இறங்கிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. ஞானம் என்பது இதுதான் போலிருக்கிறது என்றுகூட நினைத்தார். இவ்வளவு சீக்கிரம் கிடைத்துவிட்டதே என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கதவை நோக்கி நடந்தார்.

“இன்னொண்ணு சார்” என்றார் மேடம். “கப்பலுக்கு உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன். போன வாரமே அனுப்பியாச்சு.”

வேதமாணிக்கம் நின்றுவிட்டார்.

“என் பேரா?”

“உங்க பேருதான். உங்களுக்குத்தானே அவசரம்? ரிஸ்வானாவும் அதையேதான் சொன்னா. துணிமணி எடுத்து வைங்க.”

கண் கலங்கியது. ஆழ்கடல், ஆய்வேடு, பட்டம், துறைத் தலைவரின் அறை எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின. கும்பிட்டார். கதவின் கைப்பிடியில் கை வைத்தார்.

வைத்த கை அப்படியே நின்றது.

திரும்பினார்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“அப்ப ரிஸ்வானாவுக்கு என்ன குடுக்கப் போறீங்க?”

மேடம் கண்ணாடித் துண்டைக் கழுவித் துடைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். சொட்டு எடுக்கும் குழாயை அவர் பக்கம் நீட்டினார். பாட்டிலை நீட்டவில்லை. “இந்தத் தடவை சொட்டு உங்ககிட்ட இருந்து சார்” என்றார்.

வேதமாணிக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.