புல் பிடித்த சேலை

ஆடு மாடு மட்டுமல்ல, புல்லும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், ஆற்றுக்கு மேற்கே ஒரு மேட்டுக்காடு இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாய் வேலமரம். மீதியெல்லாம் புல். அந்தப் புல்லுக்கு நடுவே நாலே நாலு வீடு. பெயர் நாலுவீட்டுப்பாளையம். பாளையமாம்! ஐந்தாவது வீடு வந்திருந்தால் பெயரை மாற்ற வேண்டியிருந்திருக்கும். நல்லவேளை, யாரும் வரவில்லை.

அங்கே முதலில் குடியேறியவள் பாவாத்தாள். புருஷன் காரியப்பனோடும் ஒரு பட்டி செம்மறியாடுகளோடும் வந்தவள். பின்னால் வந்த மூன்று வீட்டாரும் அவளுடைய சொந்தபந்தம்தான். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது.

அந்தப் புல் அப்போது எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். ரொம்பக் கூச்ச சுபாவம். ஆள் நடந்தால் ஒதுங்கி வழிவிடும், யார் மேலும் படாது. ஆடுகள் அதைக் கதிரோடு சேர்த்து மென்று தின்னும். பாவாத்தாள் மட்டும் விடிந்ததும் வாசல் பெருக்கிக்கொண்டே அதை வைவாள்.

"காடு பூராவும் உன்றதுதானே? என்ற வாசல்லயும் வந்து மொளைக்கோணுமா?"

"தெரியாம வந்துட்டனுங்க அம்மிணி," என்று புல் தலையைக் குனியும். மறுநாளும் அதே இடத்தில்தான் நிற்கும். அவளும் பிடுங்க மாட்டாள். ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு அத்தனை பிரியம், ஆனால் இரண்டு பேருமே அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பிறகு மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கிணறு வறண்டு, ஆடுகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டது. மற்ற மூன்று வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராகக் கிழக்கே ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"நாமளும் போலாம் புள்ளே," என்றான் காரியப்பன். "ஆடு செத்துப்போனா அப்புறம் இங்க இருந்து என்ன பண்றது?"

பாவாத்தாள் அழுதுகொண்டே கதவைச் சாத்தினாள். புல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் வேர் இன்னொரு கோடையைத் தாங்காது என்று அதற்குத் தெரியும். மிச்சம் இருந்தது கதிரில் இருந்த விதை மட்டும். ஆளும் போய், ஆடும் போய், தானும் போய்விட்டால், இங்கே ஓர் ஊர் இருந்தது என்று சொல்லக்கூட நாதியில்லை.

பிறந்ததிலிருந்து யாரையும் தொட்டறியாத புல், அன்றைக்குத் தன் விதைக்கெல்லாம் முள்ளை வரவழைத்தது. எட்டி, பாவாத்தாளின் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டது.

பட்டியிலேயே மூத்த ஆடு பதறிப்போனது. "அட, என்ன காரியம் பண்ணிட்டே! இனி உன்னையக் கதிரோட எப்படித் திங்கறது? வாயெல்லாம் குத்துமே!"

"என்னைய வஞ்சாலும் சரி ஆத்தா, எனக்கு வேற வழி தெரியலே," என்றது புல். பிறகு பாவாத்தாளைப் பார்த்தது. "அம்மிணி, நான் வரலீங்க. என்னால ஆகாது. என்ற குஞ்சுகுளுவானை மட்டும் கூட்டிட்டுப் போங்க. மழை பேஞ்சாக் கொண்டாந்து உடுங்க."

பாவாத்தாள் தலையை ஆட்டிவிட்டு நடந்தாள்.

ஆற்றங்கரையில் வயல் வேலை இருந்தது. ஆனால் அவள் வரப்பில் கால் வைத்ததும் நெல் மறித்தது. நெல்லும் புல் வகையறாதான், பங்காளி முறை. காலடியில் தண்ணீர் வந்ததும் உறவெல்லாம் மறந்துபோயிற்று.

"அந்தக் காட்டுப்புல்லை உதறிப்போட்டு வா. அது இங்க மொளைச்சா என்ற பொழப்பு என்னாகறது? உதறாதவளுக்கு இங்க வேலையில்லே."

"உதறிப்போடு புள்ளே," என்று காரியப்பன் கெஞ்சினான். "வயிறு காயுது. புல்லா நமக்குச் சோறு போடப்போகுது?"

"இத்தனை நாளா வேற யாருங்க போட்டாங்க?" என்றாள் பாவாத்தாள்.

அவள் உதறவில்லை. காரியப்பன் வயலில் இறங்கினான். அவள் ஊருக்குள் சாணி அள்ளினாள், விறகு சுமந்தாள். மாற்றுச் சேலை கிடைத்ததும் பழையதைத் துவைக்காமல் மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்களே, "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று சிரித்தார்கள். மடிப்புக்குள்ளிருந்து விதைகள், "மழைங்களா?" என்று கேட்கும். "இன்னும் இல்லே சாமி, தூங்குங்க," என்பாள்.

ஒரு நாள் மேற்கே கறுத்தது. இடி விழுந்தது. பாவாத்தாள் அந்தப் பழைய சேலையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மேட்டுக்காட்டில் மண்தான் இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு புல்தாள்கூட இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. ஈர மண்ணில் உட்கார்ந்து, "உன்னைய எனக்கு எத்தனை புடிக்கும்னு சொல்லவே இல்லையே!" என்று வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் சேலையை விரித்து, விதைகளை நோகாமல் விடுவித்துக் காடு முழுக்கத் தூவினாள்.

"உங்காத்தா இருந்த எடம். நல்லாப் புடிச்சுக்கங்க," என்றாள்.

அவை பிடித்துக்கொண்டன. பச்சை படர்ந்த சேதி கேட்டுக் காரியப்பன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். மற்ற மூன்று வீட்டாரும் வந்தார்கள். திரும்பி வரும் யோசனை தங்களுடையதுதான் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டார்கள். பாவாத்தாளுக்கு ஊர் திரும்பியதே போதும்.

அன்று முதல்தான் அந்தப் புல், போகிறவர் வருகிறவர் துணியையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. கதிர் விட்டபின் ஆடுகள் அதில் வாய் வைப்பதில்லை. ஒட்டுப்புல் என்று ஊர் உலகமெல்லாம் அதை வைகிறது. நாலுவீட்டுப்பாளையத்துக்காரர்கள் மட்டும் எங்கே போனாலும் அதை வழியில் பிய்த்து எறிய மாட்டார்கள், பத்திரமாக ஊருக்குக் கொண்டுவந்துதான் உதறுவார்கள்.