ஒட்டியிருந்த தாள்கள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவின் பட்டறையில் லேத் ஓட்டிய திருமூர்த்தி சொன்னார். அவருக்கு நாச்சிமுத்துவே சொன்னாராம்.

"இந்தப் புத்தகமும் உதவலைங்க குருவே" என்றார் நாச்சிமுத்து.

கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்த ஜொகரா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். நாச்சிமுத்து கிண்டலாகத்தான் அவரைக் குருவே என்று கூப்பிட ஆரம்பித்தார். தன் பம்புசெட் பட்டறை நொடிக்கத் தொடங்கிய பிறகு அதில் கிண்டல் இல்லை.

தொழில் நடத்தச் சொல்லித்தரும் பழைய புத்தகங்களாகவே வாங்கினார். அச்சில் இல்லாதவை, போட்ட பதிப்பகமே இல்லாதவை. யாரும் பார்க்காத வழி ஒன்று அதற்குள் கிடக்கும் என்று நம்பினார்.

கிடைக்கவில்லை. பட்டறையில் ஒன்பது பேர். எல்லாம் சரியாகிவிடும் என்றே அவர்களிடம் சொல்லிவந்தார். தையில் மகள் கல்யாணத்தை வைக்கலாமா, வேலை இருக்குமா என்று அன்று காலை திருமூர்த்தி கேட்டார். தாராளமாக வை என்று சொல்லிவிட்டு நாச்சிமுத்து நேரே ஜொகராவின் கடைக்கு வந்திருந்தார்.

"இதுல எந்தப் புத்தகம் அம்மணி ஒருத்தனையாவது காப்பாத்துச்சு?"

"காப்பாத்துனது எங்கிட்ட ஏண்ணா வருது? பட்டறையப் பூட்டுனவங்க வீட்டுப் புத்தகந்தான் இங்க வரும்."

நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். கூரைவரை அடுக்கியிருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஜொகரா தடித்த புத்தகம் ஒன்றை உருவினார். ஓரம் வெட்டாமல் தைத்த காலத்துப் புத்தகம். ஒட்டியிருக்கும் தாள்களைப் படிப்பவர்தான் அறுத்துக்கொள்ள வேண்டும். முதல் பக்கத்தில் மூன்று பேர் பெயர் எழுதியிருந்தார்கள். விற்பனை, விளம்பரம், லாபம் என்று எல்லா அத்தியாயத்திலும் பென்சில் கோடு.

கடைசி அத்தியாயம் மட்டும் அறுபடாமல் இருந்தது.

"மூணு தடவை இதே கடைக்குத் திரும்பி வந்திருக்குண்ணா."

சணல் அறுக்கும் கத்தியை நீட்டினார்.

நாச்சிமுத்து அறுத்தார். தொழிலை மூடுவது பற்றிய அத்தியாயம். முதல் வரி: உங்களுக்குத் தெரிந்த அன்றே ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

அவருக்குத் தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

புத்தகத்தை மூடிவிட்டு விலை கேட்டார்.

"படிச்சாச்சுல்ல. வெச்சுட்டுப் போங்க. இன்னொருத்தர் வருவாரு."

அவர் பட்டறைக்குப் போனபோது திருமூர்த்தி கல்யாண மண்டபம் பேசக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுப்பா" என்றார் நாச்சிமுத்து.

பிறகு அதே புத்தகத்தின் வேறொரு பிரதியை ஒரு நூலகத்தில் தேடிப்பிடித்தேன். இருபத்திரண்டு பேர் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தின் தாள்கள் ஒட்டியே இருந்தன.