பத்தாயிரம் லிட்டர் தொட்டி

எங்க லேடீஸ் ஹாஸ்டல் மொட்டைமாடித் தொட்டி நீளம், அகலம், உயரம் மூணுமே ஒரு மீட்டர்தான். வார்டன் பிரபாவதி மேடம் கணக்குப் போட்டாங்க: மீட்டருக்கு நூறு சென்டிமீட்டர், நூறை நூறால பெருக்கு, பத்தாயிரம் லிட்டர்! மூணாவது நூறும் மறந்துபோச்சு, ஆயிரம் கன சென்டிமீட்டர் சேந்தாதான் ஒரு லிட்டர்ங்கிறதும் மறந்துபோச்சு. ஆயிரம்தான் பிடிக்கும்னு சொன்னா, நாங்க எதிர்த்துப் பேசுறோமாம். தொட்டி மேல பெயிண்ட்ல எழுதியே வச்சுட்டாங்க.

காலையில ஆறரைக்கே தண்ணி தீர்ந்துடும். பழி மோட்டார் போடுற செங்கமலம் அக்கா மேல விழுந்துச்சு.

"பத்தாயிரம் லிட்டரையும் எங்கடி விடுற? நாளைக்கு லாரியில பத்தாயிரம் வருது. மொத்தத்தையும் தொட்டியில ஊத்தணும். நடுவுல நிறுத்தினா உனக்கு வேலை கிடையாது!"

"சரிங்க மேடம். அதை எழுதிக் குடுத்துடுங்க."

மேடம் சீல் வச்சே குடுத்தாங்க.

மறுநாள் ஆயிரம் லிட்டர்லயே தொட்டி நிரம்பிடுச்சு. அக்கா ஹோஸை எடுக்கவே இல்ல. தண்ணி மாடியிலேர்ந்து நேரா மேடம் ரூம் வாசல்ல கொட்டுச்சு. நாங்க அம்பது பேரும் பக்கெட்டைத் தூக்கிட்டு ஓடினோம். ஒரு மாசத்து அழுக்குத் துணியெல்லாம் அன்னைக்குத்தான் வெளுத்துச்சு.

மேடம் சொட்டச் சொட்ட வெளிய வந்தாங்க. "நிறுத்துடி!"

"எப்படி மேடம்? இன்னும் ஏழாயிரம் பாக்கி இருக்கே. என் வேலை போயிடுமே!"

"ஐயோ, அந்தத் தொட்டியில ஆயிரம்தான்டி பிடிக்கும்!"

அக்கா மாடியிலேர்ந்து எட்டிப் பாத்தாங்க. "அப்படிங்களா? அதையும் எழுதிக் குடுங்க மேடம், நிறுத்திடுறேன். சீல் மறந்துடாதீங்க."