சிப்பியின் கோடும் ஆமையின் தூக்கமும்

நாணற்குளத்தில் எல்லோருக்கும் மூத்தது ஆமை. யாரும் அதை மறந்துவிடக் கூடாதே என்று ஆமையே அடிக்கடி சொல்லிக்கொள்ளும்.

அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. கரையில் வளை தோண்டிக் குடியிருந்த நீர்நாய்க்குக் கவலை பிடித்துக்கொண்டது. அதன் குட்டிகளுக்கு இன்னும் சரியாக நீந்தக்கூடத் தெரியாது.

குளத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் ஓடையில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. இப்போதே கிளம்பினால் குட்டிகளை அந்த வழியே கூட்டிப்போய்விடலாம். ஓடையும் வற்றிவிட்டால் வெட்டவெளியில் நடக்க வேண்டும். மேலே பருந்துகள் காத்திருக்கும். ஆனால் ஆற்றில் முதலைகள் உண்டு. காரணமில்லாமல் அங்கே போக எந்தத் தாய்க்கு மனம் வரும்?

நீர்நாய் ஆமையைத் தேடிப் போயிற்று.

"ஆமையண்ணே, இந்தக் குளம் வற்றிப்போகுமா?"

"வற்றுவதா!" என்று சிரித்தது ஆமை. "என் ஆயுசில் ஒருமுறைகூட வற்றியதில்லை. நான் எப்போது கண்ணைத் திறந்து பார்த்தாலும் தண்ணீர் ததும்பிக்கொண்டுதான் இருக்கும்!"

ஆமையின் முதுகில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, "அண்ணனுக்கு அபார ஞாபகம்! காலையில் தின்றது மட்டும்தான் மறந்துபோய், மறுபடியும் பசிக்கிறது என்பார்!" என்றது.

நீர்நாய் அரைமனதோடு திரும்பியது. தண்ணீர் விலகிவிட்டதால் வளையை இன்னும் கீழே தோண்ட ஆரம்பித்தது. நகத்தில் ஏதோ கரகரவென்று தட்டுப்பட்டது. பார்த்தால், பழைய சிப்பிகள்! ஒரு படுகையே புதைந்து கிடந்தது. எல்லாம் வாய் மூடியபடி இருந்தன.

நீர்நாய் வழக்கம்போல் ஒன்றைக் கடித்தது. பல்தான் வலித்தது. உள்ளே வெறும் மண்.

தின்ன ஒன்றும் இல்லாததால், வாழ்க்கையில் முதல்முறையாக அது ஒரு சிப்பியின் ஓட்டைப் பார்த்தது.

"அடடா, இதில் கோடு இருக்கிறதே! இத்தனை சிப்பி தின்றும் கவனிக்கவில்லை. எனக்கெல்லாம் கண் எதற்கு? வயிறு ஒன்று போதாதா!" என்று தன்னையே திட்டிக்கொண்டது.

நேற்றுத் தின்ற சிப்பியின் ஓட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தது. அதில் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன; கடைசியாக வளர்ந்த விளிம்பில் மட்டும் நெருங்கியிருந்தன. தண்ணீர் குறைந்த இந்த ஆண்டில் சிப்பி வளரவில்லை. அதனால்தான் அந்த நெருக்கம் என்று நீர்நாய்க்குப் புரிந்தது. பழைய சிப்பியின் விளிம்பிலோ கோடுகள் மயிரிழைபோல் ஒட்டிக் கிடந்தன. அதற்கப்புறம் கோடே இல்லை. எடுத்துப் பார்த்த சிப்பிகள் எல்லாமே அப்படித்தான் முடிந்திருந்தன.

"ஐயோ, இவை ஒன்றாகவே செத்திருக்கின்றன!"

நீர்நாய் இரண்டு ஓடுகளையும் கவ்விக்கொண்டு ஆமையிடம் ஓடியது.

"அண்ணே, குளம் முன்பு வற்றியிருக்கிறது. இதோ சிப்பி சொல்கிறது!"

"வாயைத் திறக்காத சிப்பி உன்னிடம் மட்டும் பேசியதோ?"

"திறந்தால் நான் தின்றுவிடுவேன் என்று முதுகில் எழுதி வைத்திருக்கிறது, அண்ணே!"

"போடி! நான் இங்கேயே இருந்தவன். நானே சாட்சி!" என்றது ஆமை.

மீன்கொத்தி ஓட்டைக் குனிந்து பார்த்தது. பிறகு தன் காலடியைப் பார்த்தது.

"அண்ணே, அசையாதீர்கள். உங்கள் முதுகிலும் இதே கோடுகள் இருக்கின்றன!"

"என் முதுகிலா?" ஆமை கழுத்தை இப்படி வளைத்தது, அப்படி வளைத்தது. எட்டவில்லை. முதுகைப் பிடிக்கப்போவதுபோல் ஒரு சுற்றும் சுற்றிப் பார்த்தது.

"தள்ளித் தள்ளி வரும் கோடுகள் நடுநடுவே நெருங்கிப் போகின்றன. அந்தக் காலத்தில் எல்லாம் பட்டினி கிடந்தீர்களா?"

"பட்டினியா, நானா? தூங்கும்போது தவிர நான் எப்போதும்..." ஆமை சட்டென்று நிறுத்தியது.

"என்ன தூக்கம் அண்ணே?" என்று கேட்டது மீன்கொத்தி.

"கோடை முற்றினால் சேற்றுக்குள் புதைந்து தூங்குவது எங்கள் குலவழக்கம். மழை பெய்து குளம் நிரம்பினால்தான் எழுவோம்" என்றது ஆமை, குரல் இறங்கி.

"அப்படிச் சொல்லுங்கள்! வற்றும்போதெல்லாம் தூங்கிவிட்டு, வற்றியதே இல்லை என்கிறீர்கள்!"

ஆமை ஓடு குலுங்கச் சிரித்தது. மீன்கொத்தி வழுக்கி விழப் பார்த்தது.

"கல்யாண வீட்டுக் கொல்லையில் படுத்துத் தூங்கிவிட்டு, கல்யாணமே நடக்கவில்லை என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான்! உண்மையை முதுகில் சுமந்துகொண்டே பொய்ச்சாட்சி சொல்லியிருக்கிறேன். நீர்நாயே, இப்போதே கிளம்பு! நானும் வருகிறேன். இங்கே இருந்தால் மறுபடியும் தூங்கிவிடுவேன். எழுந்ததும் இதே கதையை இன்னொரு தாயிடம் சொல்வேன்!"

எல்லோரும் ஓடை வழியே புறப்பட்டார்கள். குட்டிகள் களைத்தபோது ஆமை முதுகைக் கொடுத்தது. முதலை அண்டாத ஓர் இடுக்கு ஆற்றங்கரை வேர்களுக்கிடையே கிடைத்தது.

சில நாள் கழித்து மீன்கொத்தி பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

"குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது! ஓடையில் ஒரு சொட்டு இல்லை!"

நீர்நாய் குட்டிகளை இழுத்து அணைத்துக்கொண்டது. ஆமை வேரடியிலிருந்து தலையை நீட்டி, கொதிக்கும் வானத்தை வாய் பிளந்து பார்த்தது.

"ஓகோ, கோடை என்பது இதுதானா! இத்தனை வயசுக்கு இப்போதுதான் பார்க்கிறேன்!" என்றது.

தான் காணாததை நடக்காதது என்று சாதிப்பவர், தம் தூக்கத்துக்குள் பிறரையும் இழுத்துவிடுவார்.